சாவி வீட்டுக்குள், கார் வெளியே: கார்ச் சாவியின் சிறு வரலாறு



நம் பார்க்கிங்கில் நிற்கும் கார்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தால் ஒரு மாற்றம் தெரியும். முன்பெல்லாம் சாவியைக் கதவில் நுழைத்துத் திருப்பினால்தான் கார் திறக்கும். இப்போது வரும் பல கார்களில் சாவியை வெளியே எடுக்கவே வேண்டியதில்லை. பையில் சாவி இருந்தால் போதும். கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கிறது, உள்ளே பொத்தானை அழுத்தினால் இன்ஜின் ஓடத் தொடங்குகிறது. இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு வருகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

இந்த வசதியையே பயன்படுத்தி, கண்ணாடியை உடைக்காமல், அலாரம் அடிக்காமல், ஒரு நிமிடத்துக்குள் காரை ஓட்டிக்கொண்டு போகிற வித்தையும் உலகின் பல நாடுகளில் வந்துவிட்டது. இதைப் பற்றி எழுதச் சொன்னபோது வெறும் எச்சரிக்கைப் பட்டியலாக எழுத எனக்கு மனம் வரவில்லை. பூட்டுக்கும் திருடனுக்கும் நடக்கும் போட்டி நூறு வருடத்துக்கு மேல் பழையது. அதன் கதை தெரிந்தால், எதைச் செய்ய வேண்டும் என்பதோடு ஏன் செய்ய வேண்டும் என்பதும் புரியும். நம் பொதுக்குழுவில் விவாதத்துக்கு வந்திருக்கும் சாவிப் பலகை யோசனைக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு. கடைசியில் அதற்கு வருகிறேன்.

சாவிக்கு வேலை இல்லாத காலம்

தொடக்க காலக் கார்களை ஓட்டிச் செல்லச் சாவியைவிட உடல் பலம்தான் முக்கியம். முன்பக்கம் நின்று கைப்பிடியைச் சுழற்றித்தான் இன்ஜினைக் கிளப்ப வேண்டும். 1912-ல் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் கேடிலாக் கார்களில் வந்தது. யார் வேண்டுமானாலும் எளிதாகக் கார் ஓட்டலாம் என்ற நிலை அதன் பிறகுதான் உண்டாயிற்று. அந்த 'யார் வேண்டுமானாலும்' என்பதில் திருடனும் அடக்கம்.

லட்சக்கணக்கில் விற்ற ஃபோர்டு மாடல் டி காரில் இக்னிஷன் சுவிட்சுக்கு ஒரு சாவி உண்டு. ஆனால் மொத்தம் 24 வகைச் சாவிகள்தான். போதாததற்கு, எந்த எண் சாவி பொருந்தும் என்று சுவிட்சின் முகத்திலேயே எண் பொறித்திருக்கும்! அந்தச் சாவி ஒரு சம்பிரதாயம், அவ்வளவுதான். கார் திருட்டு பெருகியதால் 1919-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. திருடிய காரை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோவது மத்திய அரசின் கீழ் வரும் குற்றம் என்றது அந்த டயர் சட்டம். கார் என்பது திருடப்பட்டால் தானே ஓடிப் போகக்கூடிய சொத்து. உள்ளூர்ப் போலீஸ் எல்லை அதற்குப் பொருட்டல்ல என்பதை அப்போதே புரிந்துகொண்டார்கள்.

சாவியைத் திருப்பினாலே இன்ஜின் கிளம்பும் முறையைக் கிரைஸ்லர் நிறுவனம் 1949-ல் கொண்டுவந்தது. நம்மில் பலர் ஓட்டிப் பழகியது இந்த முறைதான். அதற்கும் திருடன் வழி கண்டுபிடித்தான். ஸ்டியரிங் அடியில் உள்ள ஒயர்களை வெளியே இழுத்து, இரண்டை ஒட்டவைத்தால் இன்ஜின் கிளம்பிவிடும். பழைய சினிமாக்களில் கதாநாயகன் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். இதற்குப் பதிலாக வந்ததுதான் ஸ்டியரிங் பூட்டு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1969-ம் வருட மாடல்களில் அதைப் பரவலாகப் பொருத்தியது. 1970 முதல் புதுக் கார்களுக்குச் சட்டமே வந்துவிட்டது. இன்ஜின் கிளம்பினாலும் ஸ்டியரிங் திரும்பாவிட்டால் வண்டியை எங்கே கொண்டுபோவது?

இங்கே இன்னொரு மனிதரைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஜேம்ஸ் வின்னர் என்ற விற்பனையாளர், கொரியாவில் ராணுவத்தில் இருந்தபோது வண்டியின் ஸ்டியரிங்கைச் சங்கிலி போட்டுப் பூட்டியவர். பிற்காலத்தில் அவருடைய சொந்தக் கார் திருடுபோனது. அந்தச் சங்கிலி நினைவில்தான் ஸ்டியரிங் சக்கரத்தின் குறுக்கே மாட்டும் இரும்புத் தடியை 1980-களில் 'தி கிளப்' என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். இன்று நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஸ்டியரிங் லாக் தடிகள் எல்லாம் அதன் உறவினர்கள். இந்தத் தடியை மறந்துவிடாதீர்கள். கதையின் முடிவில் திரும்பி வரும்.

சாவிக்குள் புகுந்த சிப்

இரும்பு மட்டும் போதாது என்று தெரிந்ததும் மின்னணு உதவிக்கு வந்தது. 1986-ல் செவர்லே கார்வெட் காரின் சாவியில் ஒரு சிறு மின்தடைத் துண்டைப் பதித்தார்கள். பல்லும் பொருந்த வேண்டும், மின்தடையின் அளவும் பொருந்த வேண்டும். ஆனால் 15 அளவுகள்தான் இருந்தன. பதினைந்தையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் கருவியைச் செய்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்து வந்ததுதான் உண்மையான திருப்பம். பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஜெர்மனியில் கார் திருட்டு கடுமையாக உயர்ந்தது. இழப்பீடு கொடுத்துக் களைத்த இன்சூரன்ஸ் நிறுவனங்கள் கார் நிறுவனங்களை நெருக்கின. பலன், இம்மொபிலைசர். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிப் இருக்கும். அது ரேடியோ அலை வழியாகச் சரியான ரகசிய விடையைச் சொன்னால்தான் கார் கணினி இன்ஜினை ஓட விடும். ஒயரை ஒட்டவைத்தாலும் பயனில்லை. 1998-ல் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் எல்லாப் புதுக் கார்களுக்கும் இது கட்டாயமாயிற்று. ஆஸ்திரேலியாவில் 2001-லும் கனடாவில் 2007-லும் கட்டாயம் வந்தது.

கணக்குப் படித்தவனுக்கு முடிவைப் பார்த்தால்தான் திருப்தி. நெதர்லாந்தில் 1995 முதல் 2008 வரையிலான திருட்டுக் கணக்கை ஆராய்ந்த பொருளாதார ஆய்வாளர்கள், இந்தச் சிறு சிப் கார் திருட்டைச் சுமார் 40 சதவீதம் குறைத்தது என்று கண்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல் திருடுபோன வாகனங்கள், 2014 வாக்கில் 1 லட்சத்துக்கும் கீழே வந்தன. பிரச்சினை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். அதன் பிறகு எண்ணிக்கை மறுபடி ஏறி 1 லட்சத்தைத் தாண்டியது. ஏன்?

பொத்தான் வந்தது

தூரத்திலிருந்து பொத்தானை அழுத்திக் கதவைத் திறக்கும் ரிமோட்டை 1982-ல் ரெனோ நிறுவனம் ஃபூகோ காரில் கொண்டுவந்தது. 1993-ல் கார்வெட் இன்னும் ஒரு படி போனது. சாவியோடு அருகில் வந்தாலே பூட்டு திறந்துகொள்ளும். 1990-களின் இறுதியில் மெர்சிடிஸ் தன் எஸ் கிளாஸ் காரில் கதவு, இன்ஜின் இரண்டுக்கும் சாவியைக் கையில் எடுக்க வேண்டாத முறையைத் தந்தது. பெரும் பணக்காரர்களின் வசதியாக இருந்தது, இருபது வருடத்தில் நடுத்தரக் குடும்பத்துக் காருக்கும் வந்துவிட்டது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் கார் ஒரு மெல்லிய ரேடியோ அழைப்பை விடுகிறது. அது ஓரிரு மீட்டர்தான் எட்டும். சாவி அதைக் கேட்டதும் ரகசிய விடையைத் திருப்பி அனுப்புகிறது. இந்த விடை பல பத்து மீட்டர் போகும். அழைப்பு சாவியின் காதில் விழுந்துவிட்டது, ஆகவே சாவி பக்கத்தில்தான் இருக்கிறது, ஆகவே உரிமையாளரும் பக்கத்தில்தான் இருக்கிறார் என்று கார் முடிவு செய்கிறது.

ஓட்டை இந்த 'ஆகவே'யில்தான் இருக்கிறது. நம் கேட்டில் உள்ள இன்டர்காமை நினைத்துக்கொள்ளுங்கள். கூரியர் பையன் வந்திருக்கிறான் என்று வாட்ச்மேன் உங்களிடம் கேட்கிறார். உங்கள் குரலைக் கேட்டு உள்ளே விடுகிறார். நீங்கள் ஊரில் இல்லாதபோது, ஒருவன் இன்டர்காம் அருகே ஒரு செல்போனை ஒட்டிவைத்து, அதன் மறுமுனையில் உங்களையே பேச வைத்தால்? குரல் உண்மையானது, பேசியது நீங்களேதான். ஆனால் நீங்கள் வீட்டில் இல்லை. கார்த் திருடர்கள் செய்வதும் இதுதான். இருவர் வருவார்கள். ஒருவன் காரின் அருகே ஒரு கருவியோடு நிற்பான். இன்னொருவன் வீட்டு வாசல் கதவருகே இன்னொரு கருவியோடு நிற்பான். காரின் மெல்லிய அழைப்பை முதல் கருவி பிடித்து இரண்டாவதுக்கு அனுப்பும். அது கதவுக்கு உள்பக்கம் மாட்டியிருக்கும் சாவியின் காதில் ஓதும். சாவி நேர்மையாகப் பதில் சொல்லும். கார் திறந்துகொள்ளும். ரகசியக் குறியீட்டை யாரும் உடைக்கவில்லை. தூரத்தைப் பற்றிப் பொய் மட்டும் சொன்னார்கள். ஒருமுறை இன்ஜின் ஓடிவிட்டால், சாவி தூரமாகப் போனாலும் பாதுகாப்புக் கருதி நடுவழியில் கார் நிற்காது. எச்சரிக்கை ஒலி மட்டும் எழுப்பும்.

இதைத் திருடர்களுக்கு முன்பே ஆராய்ச்சியாளர்கள் சொல்லிவிட்டார்கள். 2011-ல் சுவிட்சர்லாந்தின் ஈ.டி.ஹெச். சூரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர், 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களைச் சோதித்தார்கள். பத்தும் ஏமாந்தன. தடுப்பு வழிகளையும் அவர்களே எழுதினார்கள். கார் நிறுவனங்கள் உடனே விழித்துக்கொள்ளவில்லை. 2017 நவம்பரில் பிரிட்டனின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸ் ஒரு வீட்டுக் கேமரா காட்சியை வெளியிட்டது. இருவர் வருகிறார்கள், ஒருவன் வீட்டுக் கதவருகே பெட்டி ஒன்றைப் பிடிக்கிறான், வாசலில் நின்ற மெர்சிடிஸ் சுமார் ஒரு நிமிடத்தில் போய்விடுகிறது. சாவி வீட்டுக்குள்ளேயே இருந்தது. உலகம் முழுவதும் அதைப் பார்த்தார்கள்.

வேறு சில வழிகள்

அஞ்சலோட்டம் போல் அலையைக் கைமாற்றும் இந்த முறை மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். இன்னும் மூன்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது மிக எளியது. நீங்கள் ரிமோட் பொத்தானை அழுத்தும் நேரத்தில் அதே அலைவரிசையில் இரைச்சலை எழுப்பினால் பூட்டும் கட்டளை காருக்குக் கேட்காது. நீங்கள் பூட்டிவிட்டதாக நினைத்துக் கடைக்குள் போய்விடுவீர்கள்.

இரண்டாவது, காரைப் பழுதுபார்க்க மெக்கானிக் தன் கருவியைச் செருகும் இணைப்புமுனை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். எப்படியாவது காருக்குள் புகுந்துவிட்டால், அங்கே ஒரு கருவியைச் செருகிப் புதுச் சாவி ஒன்றைக் கார் கணினியில் பதிவுசெய்துவிடலாம். டெல்லி போன்ற நகரங்களில் இந்த மாதிரிக் கருவிகளோடு கும்பல்கள் பிடிபட்ட செய்திகளை நாமும் படித்திருக்கிறோம்.

மூன்றாவது, 2022-ல் லண்டனில் வெளிப்பட்டது. இயன் டேபர் என்பவர் கார்க் கணினிப் பாதுகாப்பை ஆராய்கிறவர். அவருடைய டொயோட்டா காரின் முன்பக்க பம்பரை யாரோ கழற்றி, ஹெட்லைட் ஒயரைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். விஷமிகளின் வேலை என்று முதலில் தோன்றியது. சில மாதங்களில் காரே போய்விட்டது. ஹெட்லைட் ஒயர் வழியாகக் காரின் உள்தொடர்பு வலையில் நுழைந்து, 'சரியான சாவி வந்துவிட்டது' என்று பொய்ச் செய்தி போட்டிருக்கிறார்கள். சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் போன்ற தோற்றத்தில் அந்தக் கருவி விற்கப்பட்டது. திருடன் வந்த இடம் அப்படி, ஆராய்கிறவர் வீட்டு வாசலுக்கே!

இதற்கு நேரெதிரான பாடமும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2011 முதல் 2021 வரை விற்ற பல கியா, ஹூண்டாய் கார்களில் செலவைக் குறைக்க இம்மொபிலைசர் வைக்கவில்லை. ஸ்டியரிங் தண்டின் மூடியைப் பெயர்த்து, செல்போன் சார்ஜ் செய்யும் யூ.எஸ்.பி. ஒயரின் முனையால் திருப்பினால் போதும் என்று இளைஞர்கள் வீடியோ போட்டார்கள். 2021, 2022-ல் அது தொற்றுநோய் போலப் பரவியது. 2023 பிப்ரவரியில் 83 லட்சம் கார்களுக்கு மென்பொருள் திருத்தம் தர வேண்டியதாயிற்று. அதற்குள் குறைந்தது 8 பேர் விபத்துகளில் உயிரிழந்திருந்தார்கள் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை சொன்னது. கார் திருட்டு வெறும் பண நஷ்டம் அல்ல என்பதற்கு இது சாட்சி. அப்போது போலீஸ் நிலையங்களில் இலவசமாகக் கொடுத்தது என்ன தெரியுமா? ஸ்டியரிங் சக்கரத்தில் மாட்டும் அதே இரும்புத் தடி.

"எங்கள் பூட்டு உடையாது"

பூட்டு தோற்பதைவிட, தோற்றதை ஒப்புக்கொள்ளாததுதான் மனிதர்களுக்கு அதிகத் துன்பம் தந்திருக்கிறது. 2012-ல் மூன்று ஆராய்ச்சியாளர்கள், மெகமோஸ் என்ற சிப்பின் ரகசியக் குறியீட்டில் பலவீனத்தைக் கண்டார்கள். பல நிறுவனக் கார்களில் இருந்த சிப் அது. 2013-ல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் லண்டன் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. ஒரு வாக்கியத்தை நீக்கிய பிறகு 2015-ல்தான் அந்த ஆய்வு வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் கார் வாங்கியவர்களுக்கு விஷயம் தெரியாது.

வங்கியில் வேலை பார்த்தவனுக்கு இது புதிய கதை அல்ல. 1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஏ.டி.எம்.-களிலிருந்து தாங்கள் எடுக்காத பணம் போய்விட்டதாக வாடிக்கையாளர்கள் முறையிட்டார்கள். எங்கள் முறையில் தவறே நடக்காது, நீங்களோ உங்கள் வீட்டாரோதான் எடுத்திருக்க வேண்டும் என்பதே அங்குள்ள வங்கிகள் பலவற்றின் பதில். அப்படி முறையிட்ட ஒரு போலீஸ் கான்ஸ்டபிள் மீதே மோசடி வழக்குப் போட்டு, 1994-ல் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பும் வந்துவிட்டது. மேல்முறையீட்டில், தன் கணினியை எதிர்த்தரப்பு நிபுணர் பார்க்க அந்த நிறுவனம் சம்மதிக்கவில்லை. 1996-ல் அவர் விடுதலையானார். இரண்டு வருடம் ஒரு நேர்மையான மனிதர் திருடன் பட்டத்தோடு வாழ்ந்தார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சன் 1993-ல் எழுதிய கட்டுரை, தவறுகள் எங்கெல்லாம் நடந்தன என்று விளக்கியது. பெரும்பாலும் கணிதக் குறியீட்டில் இல்லை. அதைக் கையாண்ட விதத்தில்தான்.

இதை நம் குடியிருப்புக்குப் பொருத்திப் பாருங்கள். ஒருநாள் காலையில் ஒரு கார் காணவில்லை. கண்ணாடித் துண்டு இல்லை. அலாரம் அடிக்கவில்லை. இரண்டு சாவியும் வீட்டில் இருக்கின்றன. நாம் முதலில் யாரைப் பார்ப்போம்? இரவு வாட்ச்மேனை. அடுத்து, விடியற்காலையில் வண்டி துடைக்க வரும் பையனை. போன வாரம் வந்த ஆக்டிங் டிரைவரை. சாவி இல்லாமல் கார் எப்படிப் போகும், கூட இருந்தவர்கள் யாரோதான் என்ற பேச்சு மதியத்துக்குள் எல்லா ப்ளாக்குக்கும் போய்விடும். எட்டாயிரம், பத்தாயிரம் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு அந்தப் பேச்சு வேலையை மட்டுமல்ல, பெயரையும் கொண்டுபோய்விடும். கார் போனால் இன்சூரன்ஸ் உண்டு. பெயர் போனால்? உடைந்த பூட்டு இல்லை என்பதாலேயே உள்ளாள் வேலை என்று ஆகிவிடாது என்பதை நாம் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

வங்கி சொல்லித்தந்த இரட்டைச் சாவி

வங்கியின் பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று அதிகாரியிடம், இன்னொன்று தலைமைக் காசாளரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். டூப்ளிகேட் சாவிகள் அதே கிளையில் இருக்காது. வேறு கிளையில் பாதுகாப்பில் இருக்கும். சாவி கை மாறும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் கையெழுத்து உண்டு. யார் மீதும் சந்தேகத்தால் வந்த வழக்கம் அல்ல இது. நாளை ஏதாவது குறைந்தால், நேர்மையானவர் மீது பழி வராமல் காக்கும் ஏற்பாடு. கார்ச் சாவிக்கும் இதே மூன்று விதிகளைப் பொருத்தலாம்.

முதல் விதி, ஒரு பூட்டை நம்பாதே. கண்ணுக்குத் தெரியாத ரேடியோப் பூட்டோடு கண்ணுக்குத் தெரியும் இரும்புப் பூட்டும் இருக்கட்டும். ஸ்டியரிங் லாக் தடி அதிக விலை இல்லை. அதை அறுக்க முடியாதா என்றால், முடியும். ஆனால் நேரம் ஆகும், சத்தம் வரும். ஒரு நிமிட வேலைக்கு வந்தவன் பக்கத்துக் காரைப் பார்ப்பான். அலையைக் கைமாற்றினாலும், ஹெட்லைட் வழியாக நுழைந்தாலும், புதுச் சாவி பதிவு செய்தாலும் இந்தத் தடி நடுவில் நிற்கும். ஊருக்குப் போய்ப் பல நாள் வண்டியை நிறுத்திவைப்பவர்கள் கட்டாயம் மாட்டுங்கள்.

இரண்டாவது விதி, சாவி இருக்கும் இடம். நம்மில் பலர் வீட்டில் சாவி மாட்டும் ஆணி வாசல் கதவை ஒட்டித்தான் இருக்கிறது. திருடனுக்கு வேண்டியதும் அதுதான். சாவியை வீட்டின் உள்பக்க அறைக்கு மாற்றுங்கள். முதல் மாடிக்காரர்களுக்கும், வாசல் நடைபாதை எல்லோரும் நடமாடும் இடமாக உள்ளவர்களுக்கும் இது இன்னும் முக்கியம்.

அதைவிடச் சிறந்தது, அலை புகாத உறை. 1836-ல் மைக்கேல் ஃபாரடே என்ற ஆங்கில விஞ்ஞானி, உலோகத்தால் மூடிய அறைக்குள் வெளி மின்புலம் புகாது என்று செய்து காட்டினார். அந்தத் தத்துவத்தில் செய்த சிறு பைகள் அவர் பெயரிலேயே விற்கின்றன. வீட்டில் உள்ள இறுக்கமான மூடியிட்ட எவர்சில்வர் டப்பாவும் சில சமயம் போதும். சில சமயம் போதாது. சோதிப்பது எளிது. சாவியை உள்ளே போட்டு மூடி, காரின் பக்கத்திலேயே நின்று கைப்பிடியைத் தொடுங்கள். கதவு திறந்தால் அந்த டப்பா சமையலறைக்குத் திரும்பட்டும். பையையும் சில மாதங்களுக்கு ஒருமுறை இப்படிச் சோதியுங்கள். மடிந்து மடிந்து உள்ளே உள்ள உலோகத் துணி நைந்துவிடும். இரண்டாவது சாவியையும் மறக்காமல் உறையில் வையுங்கள். ஒன்றைப் பூட்டி ஒன்றை வாசலில் மாட்டினால் என்ன பயன்?

சில கார்களில் சாவியைத் தொடாமல் திறக்கும் வசதியை நிறுத்திவைக்கலாம். உங்கள் காரோடு வந்த கையேட்டைப் பாருங்கள், அல்லது சர்வீஸுக்கு விடும்போது கேளுங்கள். புதிய சாவிகள் சில, அசையாமல் இருந்தால் தாமே தூங்கிவிடும்; ஃபோர்டு 2019-ல் ஐரோப்பாவில் தந்த சாவி 40 விநாடி அசையாவிட்டால் பதில் சொல்வதை நிறுத்திவிடும். அலை வந்துபோகும் நேரத்தை அளந்து உண்மையான தூரத்தைக் கண்டுபிடிக்கும் சாவிகளும் வந்துவிட்டன. புதுக் கார் வாங்குபவர்கள் நிறத்தையும் மைலேஜையும் கேட்கும்போது இதையும் ஒரு கேள்வியாகக் கேளுங்கள்.

ரிமோட்டில் பூட்டியதும் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஆனால் தொட்டால் திறக்கும் காரில், சாவி உங்களிடமே இருப்பதால் இழுத்தால் திறந்துகொள்ளும். அவர்கள் விளக்கு மின்னுவதையும் கண்ணாடி மடிவதையும் கண்ணால் பார்த்துவிட்டு நகருங்கள். பம்பர் தளர்ந்திருந்தாலோ ஹெட்லைட் ஒயர் தொங்கினாலோ யாரோ இடித்துவிட்டார்கள் என்று விட்டுவிடாமல் அசோசியேஷன் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

மூன்றாவது விதி, கணக்கு. பழைய கார் வாங்கினால் எத்தனை சாவி என்று கேட்டு வாங்குங்கள். ஒன்று குறைந்தால், அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் அந்தச் சாவியின் பதிவை நீக்கச் சொல்லுங்கள். கையில் உள்ள சாவிகள் மட்டுமே வேலை செய்யும்படி மாற்றித் தருவார்கள்.

போய்விட்டால்

முதலில் போலீஸ். உடனே புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். அன்றே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஒரு டிராக்டர் திருட்டு வழக்கில், அன்றே எஃப்.ஐ.ஆர். பதிவானது, ஆனால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு 52 நாள் கழித்துத்தான் சொன்னார்கள். அந்தத் தாமதத்தை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் குர்ஷிந்தர் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புதான். ஆனாலும் உச்ச நீதிமன்றம் வரை போகும் பொறுமை நமக்கு எதற்கு? அன்றே சொல்லிவிடுவோம்.

இன்சூரன்ஸ் நிறுவனம் இரண்டு சாவியையும் கேட்கும். ஒன்று தொலைந்திருந்தால் அங்கேயே கேள்விகள் தொடங்கும். கிடைக்கும் தொகை கார் வாங்கிய விலை அல்ல. பாலிசியில் எழுதிய மதிப்பு. அது வருடாவருடம் குறையும். ஒரு வருடம் தாண்டினால் 20 சதவீதம், இரண்டு தாண்டினால் 30, மூன்று தாண்டினால் 40, நான்கு தாண்டினால் 50 சதவீதம் என்பது வழக்கமான தேய்மானக் கணக்கு. பத்து லட்ச ரூபாய்க் கார் மூன்றரை வருடத்தில் போனால் ஆறு லட்சம்தான். கடன் பாக்கி இருந்தால் வங்கிக்குப் போக மிச்சம்தான் உங்களுக்கு. பிரீமியத்தில் சில நூறு மிச்சம் பிடிக்க இந்த மதிப்பைக் குறைத்துப் போடுவோர் உண்டு. அது நல்ல சேமிப்பு அல்ல. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்குத் திருட்டுக்கு ஒரு ரூபாயும் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சாவிப் பலகை பற்றி

ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தும் இடங்களில் வண்டியை நகர்த்த வசதியாக, வாட்ச்மேன் அறையில் சாவிப் பலகை மாட்டலாம் என்பது யோசனை. வசதிதான். ஆனால் கேட்டை ஒட்டிய அறையில், திறந்த பலகையில், இருபது கார்களின் சாவி தொங்குவது என்றால், கதவுக்கு வெளியே நிற்பவனுக்கு இருபது கார்களும் காது கொடுத்துக் காத்திருக்கின்றன என்று பொருள். ஏதாவது நடந்தால் பழி முழுவதும் ஒரே மனிதர் தலையில் விழும். அந்தச் சுமையை நம் வாட்ச்மேன்கள் மீது ஏற்ற நமக்கு உரிமை இல்லை.

பலகை வேண்டும் என்றே பொதுக்குழு முடிவு செய்தால், என் வேண்டுகோள் இவை. திறந்த பலகை வேண்டாம். பூட்டுள்ள இரும்புப் பெட்டி இருக்கட்டும். ஒவ்வொரு சாவியும் சோதித்த அலை புகாத உறையில் இருக்கட்டும். கொடுத்தவர், வாங்கியவர், நேரம் மூன்றும் எழுதும் பதிவேடு இருக்கட்டும். இரவு பத்து மணிக்கு மேல் எந்தச் சாவியும் அங்கே இருக்கக் கூடாது. செலவு ஒரு காருக்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் போகாது. பொதுக்குழுவுக்கு வரும் முன் உங்கள் வீட்டில் இரண்டு சாவியும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டு வாருங்கள், அங்கே பேசுவோம்.